மலைச்சரிவில் 300 மீட்டர்: வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரி வரையாடு நம் மாநில விலங்கு. அதற்குத் தூரத்து உறவான இமயமலை வரையாட்டை 1904-இல் நியூசிலாந்தின் மவுன்ட் குக் பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே பூர்வீகத் தரைவாழ் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். குளம்புள்ள பிராணி எதையும் கண்டிராத அந்தத் தென் ஆல்ப்ஸ் மலைச்செடிகளை வரையாடும் செம்மானும் ஷாம்வா என்ற மலையாடும் மேய்ந்து தீர்க்க ஆரம்பித்தன. அதனால் வரையாடுகளின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக்கூடாது என்று 1993-இல் அரசு ஒரு திட்டமே வகுத்தது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதில் வேட்டைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கிடைக்கிற இறைச்சி வீட்டுக்கு வரும்.

நான் தென்தீவில், கேன்டர்பரி பக்கம் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமமும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டும் எடுத்து வேட்டைக்குப் போகிறவன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அது சரியான சட்டமும்கூட. ஆகவே இந்த வழிகாட்டி, வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில் குடியேறி முதல் ரைபிள் வாங்கிவிட்டு, “இதுக்கு மேல என்ன ஸ்கோப் மாட்டுறது?” என்று கேட்கிற நம்மவர்களுக்கு. ஸ்கோப் என்பது ரைபிளின் மேல் மாட்டும், குறிபார்க்கும் தொலைநோக்கி. குறிசுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் விஷயத்தில் பெரும்பாலானோர் செய்கிற தவறு குறைவாக வாங்குவது இல்லை, அதிகமாக வாங்குவது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதற்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறதா, திருகினால் சொன்ன அளவு நகர்கிறதா, மலையேறி இறங்கிய பிறகும் குறி மாறாமல் நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

1. கடைக்குப் போகும் முன் உங்கள் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

20 செ.மீ. அகலமுள்ள காகிதத் தட்டுகள் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுடுதளத்தில் மேசையில் ரைபிளை வைத்துச் சுட வேண்டாம். மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே சுடுங்கள்: முதுகுப்பையின் மேல் ரைபிளை வைத்துப் படுத்தபடி, உட்கார்ந்து முழங்காலில் முட்டுக்கொடுத்தபடி, கொஞ்ச தூரம் வேகமாக நடந்து மூச்சு வாங்குகிறபோது. 100 மீட்டரில் ஐந்து குண்டும் தட்டுக்குள் விழுந்தால் 150-க்குப் போங்கள், அப்புறம் 200. எந்தத் தூரத்தில் ஐந்தில் ஒன்று தட்டை விட்டு வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் தூரம்.

தட்டு ஏன் என்றால், செம்மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 25 செ.மீ. அகலம்தான். ஷாம்வாவுக்கு அதைவிடச் சிறியது. குண்டு அதற்குள் விழுந்தால் விலங்கு நொடிகளில் சாயும். வெளியே விழுந்தால், குடலில் காயத்தோடு ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடிப்போய், எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் கிடந்து சாகும். எந்த ஸ்கோப்பாலும் அந்தக் காயத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இந்தத் தூரம் 150 முதல் 200 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. நன்றாகப் பழகியவர்களுக்கு 300, 400. இந்தக் கட்டுரையில் நடுத்தரம், நெடுந்தூரம் என்று சொல்வது 200 முதல் 400 மீட்டர் வரையே. அதற்கு மேல் உயிருள்ள விலங்கை நோக்கிச் சுடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தைக் கடைசியில் காற்றைப் பற்றிச் சொல்லும்போது கணக்கோடு காட்டுகிறேன்.

2. பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

3-9×40 என்று போட்டிருந்தால், மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முகப்பு லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். 4-16×44 என்றால் நான்கு முதல் பதினாறு மடங்கு, 44 மி.மீ. லென்ஸ்.

எத்தனை மடங்கு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 400 மீட்டரில் நிற்கும் வரையாட்டைப் பத்து மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணால் 40 மீட்டரில் பார்ப்பது போல இருக்கும். 300 மீட்டரை ஆறு மடங்கில் பார்த்தால் 50 மீட்டர். தெருமுனையில் நிற்கும் மாட்டைப் பார்ப்பது போலத்தான். அதற்கு மேல் எதற்கு 24 மடங்கு?

மடங்கு கூடினால் மூன்று நஷ்டம். உங்கள் நெஞ்சுத் துடிப்பும் கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகித் தெரியும். வெயில் நேரத்தில் பாறையிலிருந்து எழும் கானல் அலைகள் படத்தையே நெளிய வைக்கும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுருங்கும். 100 மீட்டரில், மூன்று மடங்கில் ஏறக்குறைய 11 மீட்டர் அகலம் தெரிகிற இடத்தில், பதினாறு மடங்கில் இரண்டு மீட்டர் சொச்சம்தான் தெரியும். சுட்டவுடன் விலங்கு எந்தப் பக்கம் போனது, குண்டு எங்கே பட்டது என்று பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

என் பரிந்துரை இது. புதரும் காடும் நிறைந்த இடத்தில் 250 மீட்டருக்குள் சுடுபவருக்கு 2.5-10 அல்லது 3-9 போதும். மரமில்லாத மலைமுகட்டில் 400 வரை சுடுபவருக்கு 3-15 அல்லது 4-16. கீழ் எண் நான்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டோரம் நடக்கும்போது 20 மீட்டரில் ஒரு மான் எழுந்து நிற்கும். ஆறு மடங்கில் ஆரம்பிக்கும் ஸ்கோப்பில் வெறும் ரோமம்தான் தெரியும்.

3. வெளிச்சம்: பணம் போக வேண்டிய இடம்

மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். அனுமதிச் சீட்டின்படி சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு வரை வேட்டையாடலாம். இரவில் கூடாது. அதாவது நல்ல வாய்ப்புகள் எல்லாம் வெளிச்சம் செத்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணிக்குள்தான் வரும். உங்கள் ஸ்கோப்புக்கு உண்மையான பரீட்சை அப்போதுதான்.

ஸ்கோப்பைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி கண்வில்லையைக் கவனியுங்கள். நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை அதுதான். மடங்கு வளையத்தைத் திருப்பிக்கொண்டே பாருங்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். முகப்பு லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு வரும். 40 மி.மீ. லென்ஸ் ஒன்பது மடங்கில் 4.4 மி.மீ., ஆறு மடங்கில் 6.7 மி.மீ. இருட்டில் மனிதக் கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது குறையும். ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறிதாக இருந்தால் படம் இருண்டு தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் 56 மி.மீ. லென்ஸுக்குப் பணம் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை என்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

என் முதல் ஸ்கோப் 6-24×50. அதை மாட்டிக்கொண்டு ஒரு ஏப்ரல் மாலை, ரக்காயா ஆற்றின் மேல்பகுதியில் ஒரு சரிவுக்கு எதிரே படுத்திருந்தேன். செம்மான் ஆண்கள் கத்தித் திரியும் பருவம் அது. பக்கத்தில், எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த யாழ்ப்பாணத்து அண்ணை. எதிரே 180 மீட்டரில் நல்ல கொம்புடன் ஒரு ஆண்மான் புதரை விட்டு வெளியே வந்தது. பைனாகுலரில் கொம்பின் கிளைகளை எண்ண முடிந்தது. ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கூழ். மானும் தெரியவில்லை, குறுக்குக் கோடும் தெரியவில்லை.

“தம்பி, பவரைக் குறைச்சுப் பாரும்” என்றார் அண்ணை மெல்ல.

பகலில் எதிர் முகட்டைப் பார்ப்பதற்காக 24-இல் வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1 மி.மீ. விரல் மரத்துப்போயிருந்ததால் வளையத்தைத் திருப்பச் சில நொடிகள் ஆயின. எட்டுக்கு வந்தபோது படம் பளிச்சென்று ஆனது. ஆனால் அதற்குள் மான் திரும்பி எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. சுடவில்லை. அன்றிலிருந்து நடக்கும்போது வளையம் எப்போதும் கீழ் எண்ணில்தான் இருக்கும். தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும், குறைக்கத்தான் நேரம் இருக்காது.

வட்டத்தின் அளவுக்கு அடுத்தது கண்ணாடியின் தரம். பூச்சில்லாத கண்ணாடியில் ஒளி ஒவ்வொரு பரப்பைத் தாண்டும்போதும் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் 14 பரப்புகள் இருந்தால், உள்ளே போன ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் கண்ணுக்கு வந்து சேரும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா மெல்லிய படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இது மாறியது. இன்று “ஃபுல்லி மல்டி கோட்டட்” என்று எழுதியிருந்தால், காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று அர்த்தம். “மல்டி கோட்டட்”, “கோட்டட்” என்று மட்டும் போட்டிருந்தால் எல்லாப் பரப்பிலும் இருக்காது. “ஃபுல்லி” என்ற அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

4. குழாய், கண் இடைவெளி, எடை

குழாயின் விட்டம் ஒரு அங்குலம், 30 மி.மீ., 34 மி.மீ. என்று வரும். தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே குறியை ஏற்றி இறக்க அதிக இடம் கிடைக்கும், அவ்வளவுதான். 400 மீட்டருக்குள் ஒரு அங்குலமே பெரும்பாலும் போதும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே முழுப்படம் தெரியும் தூரம் 9 செ.மீ.க்குக் குறையக்கூடாது. குறைந்தால், ரைபிள் பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். மேல்நோக்கிச் சரிவில் படுத்துச் சுடும்போது தலை தானாக முன்னால் போகும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு இங்கே நிறையப் பேரைப் பார்க்கலாம்.

எடையைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. லியூபோல்டின் விஎக்ஸ்-3எச்டி 3.5-10×40 ஏறக்குறைய 370 கிராம். ஸ்வரோவ்ஸ்கி இஸட்5 3.5-18×44 ஏறக்குறைய 450. ஸைஸ் கான்குவெஸ்ட் வி4 4-16×44 ஏறக்குறைய 640. வோர்டெக்ஸ் வைப்பர் பிஎஸ்டி இரண்டாம் தலைமுறை 3-15×44 கிட்டத்தட்ட 800. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தண்ணீர்ப் பாட்டிலின் எடை. 1,200 மீட்டர் ஏற்றத்தில், ரைபிளின் உச்சியில் அது உட்கார்ந்திருக்கும்போது தோள் சொல்லிவிடும்.

5. குறுக்குக் கோடு முன்னாலா, பின்னாலா?

ரெட்டிக்கிள் என்று சொல்லும் குறுக்குக் கோடு ஸ்கோப்புக்குள் இரண்டு இடத்தில் ஒன்றில் இருக்கும். முன்தளத்தில் இருந்தால், மடங்கைக் கூட்டும்போது கோடும் சேர்ந்து பெரிதாகும். அதிலுள்ள சிறு கோடுகளின் அளவு எந்த மடங்கிலும் மாறாது. பின்தளத்தில் இருந்தால் கோட்டின் தடிமன் எப்போதும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறு கோடுகளின் அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும், பெரும்பாலும் உச்ச மடங்கில்.

நெடுந்தூரம் என்றாலே முன்தளம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். போட்டிக்கு அது சரி. வேட்டைக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முன்தள ஸ்கோப்பை அந்தியில் மூன்று மடங்குக்கு இறக்கினால் கோடு சிலந்தி நூலாகிவிடும், இருண்ட புதரின் மேல் அது தெரியவே தெரியாது. 300 மீட்டர் வரைக்கும் பின்தளம், தடித்த வெளிக்கோடு, நடுவில் மெல்லிய கோடு, இதுவே கண்ணுக்குச் சுகம். 400 வரை சுடுகிறவர், காற்றுக்காகக் கோட்டின் அளவைக்கொண்டு தள்ளிக் குறி வைக்கப் பழகியவர் என்றால் முன்தளம் வாங்கலாம். ஆனால் நடுப்புள்ளிக்கு விளக்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த விளக்கு மிகக் குறைந்த ஒளியிலும் எரிய வேண்டும். பகல் வெளிச்சத்துக்கான பிரகாசம் மட்டும் இருந்தால், அந்தியில் புள்ளியின் ஒளியே மானை மறைத்துவிடும். அதன் பொத்தான் பேட்டரி ஒன்றை எப்போதும் பையில் வையுங்கள்.

கோலம் போட்டது போலக் கோடுகள் நிறைந்த ரெட்டிக்கிள் வேண்டாம். மான் நிற்கும் நான்கு நொடியில் எந்தக் கோடு எதற்கு என்று யோசிக்க முடியாது.

6. திருகும் கிளிக்கும்

மேலே இருக்கும் திருகு குறியை ஏற்றி இறக்கும், பக்கத்தில் இருப்பது இடவலமாக நகர்த்தும். ஒவ்வொரு கிளிக்கும் எவ்வளவு என்பதற்கு இரண்டு கோண அளவு முறைகள். மில் முறையில் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் சரியாக ஒரு செ.மீ. எம்.ஓ.ஏ. முறையில் ஒரு கிளிக் பொதுவாகக் கால் எம்.ஓ.ஏ., 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. இரண்டும் நல்லவைதான். மீட்டரிலும் செ.மீ.யிலும் யோசிக்கிற நமக்கு மில் எளிது. எதை வாங்கினாலும் திருகும் ரெட்டிக்கிளும் ஒரே முறையில் இருக்க வேண்டும். ஒன்று மில்லும் மற்றது எம்.ஓ.ஏ.யும் கலந்து விற்கும் பழைய மாதிரிகள் இன்னும் கிடைக்கின்றன, விலை குறைவாக இருக்கும். தொடாதீர்கள்.

நான் சுடுவது 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா. 143 கிரெய்ன் (ஏறக்குறைய 9.3 கிராம்) குண்டு, ரைபிள் குழாயை விட்டு வெளியேறும்போது நொடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர். 200 மீட்டரில் குறி சரியாக வைத்தால், 300-இல் குண்டு ஏறக்குறைய 26 செ.மீ. கீழே விழும். 400-இல் 73 செ.மீ. மில் கணக்கில் 300-க்கு 9 கிளிக், 400-க்கு 18 கிளிக். உங்கள் ரைபிள், தோட்டா, உயரம், குளிருக்கு ஏற்ப இது மாறும். கைபேசிச் செயலியில் கணக்கிட்டு, சுடுதளத்தில் சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

இன்னொன்றையும் அந்தக் கணக்கு சொல்கிறது. 250 மீட்டருக்குள் விழுவது 10 செ.மீ. அளவுதான். முதுகுக்குச் சற்றுக் கீழே குறி வைத்தால் போதும், திருகவே வேண்டாம். ஆகவே 250-க்குள் சுடுகிறவர் மூடியுள்ள திருகு வாங்கினால் போதும். புதரில் உரசித் தானாகத் திரும்பிவிடும் கவலை இல்லை. அதற்கு மேல் சுடுகிறவர் திறந்த திருகு வாங்கும்போது, “ஜீரோ ஸ்டாப்” என்ற தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், 18 கிளிக் ஏற்றிய பிறகு பின்னுக்குத் திருப்பினால் சரியாக ஆரம்ப இடத்தில் முட்டி நிற்கும். இருட்டில், கையுறையோடு, எத்தனை கிளிக் திருப்பினோம் என்று எண்ண வேண்டியதில்லை.

சரிவில் சுடும்போது நேர்கோட்டுத் தூரத்தை வைத்துத் திருகக்கூடாது. 30 பாகை சரிவில் 400 மீட்டர் என்றால் கிடைமட்டத் தூரம் 346 மீட்டர்தான். அதற்கு 13 கிளிக் போதும். 18 ஏற்றினால் குண்டு 20 செ.மீ. மேலே போகும், முதுகைத் தாண்டியே போய்விடும். கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் லேசர் தூரமானி இல்லாமல் திறந்த திருகு வாங்கி ஒரு பயனும் இல்லை.

7. பாரலாக்ஸ்

ஸ்கோப் வழியாகப் பார்த்தபடி தலையைச் சற்று அசைத்தால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரிந்தால் அதுதான் பாரலாக்ஸ். பல வேட்டை ஸ்கோப்புகளில் இதை 100 கஜம் அல்லது 150 கஜத்துக்குச் சரிசெய்து பூட்டி அனுப்புவார்கள். 40 மி.மீ. லென்ஸில், 100 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப்பால் 400 மீட்டரில் சுடும்போது கண் முற்றிலும் ஓரத்துக்குப் போனால் பிழை ஏறக்குறைய 6 செ.மீ. கன்னத்தை ஒழுங்காகப் பதித்துச் சுடுகிறவருக்கு அது ஒன்று இரண்டு செ.மீ.தான் வரும். 250-க்குள் மறந்துவிடலாம். அதற்கு மேல் என்றால் இதைச் சரிசெய்யும் இடப்பக்கக் குமிழ் உள்ளதாக வாங்குங்கள்.

8. கடையில் நிற்கும்போது

கடைக்குள் மின்விளக்கின் கீழ் 15 மீட்டரில் எல்லா ஸ்கோப்பும் அழகாகத்தான் தெரியும். மாலை ஐந்து மணிக்குப் போங்கள், வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். எதிரே நிழல் விழுந்த மரத்தடியையோ சந்துமுனையையோ பாருங்கள். இரண்டு ஸ்கோப்பையும் ஒரே மடங்கில் வைத்து மாறி மாறிப் பாருங்கள். கிளைகளின் விளிம்பில் ஊதா நிறம் படர்கிறதா? ஓரத்தில் படம் குழைகிறதா? தெருவிளக்குக்குச் சற்றுத் தள்ளிப் பார்க்கும்போது படம் முழுக்க வெளுக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பி, கிளிக் கைக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கையுறை போட்டும் ஒருமுறை.

விலையைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு: ரைபிளுக்குக் கொடுத்த அளவாவது ஸ்கோப்புக்குக் கொடு என்று. நான் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன். முதலில் நல்ல பைனாகுலர், அடுத்து தூரமானி, மீதி ஸ்கோப்புக்கு. நாள் முழுக்கப் பார்ப்பது பைனாகுலரில்தான், ஸ்கோப்பில் பார்ப்பது ஒரு நிமிடம்.

இது செலவுக் கணக்கு மட்டும் இல்லை. தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்க ஒருபோதும் ஸ்கோப்பை உயர்த்தாதீர்கள். ஸ்கோப்பை நீட்டினால் துப்பாக்கிக் குழாயும் சேர்ந்துதான் நீளும். அசைந்தது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்கள் இந்த நாட்டில் பல நடந்திருக்கின்றன. சந்தேகத்துக்கு இடமின்றி இலக்கு எது என்று அறிந்த பிறகே ரைபிள் தோளுக்கு வர வேண்டும்.

9. மாட்டுவது

ஸ்கோப்பின் மேல் பழி போடும் பாதிப் பிரச்சினைகள் உண்மையில் அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் பிரச்சினை. விலை மலிந்த வளையம் வாங்காதீர்கள்.

தோட்டா இல்லை என்பதை முதலில் இருமுறை பாருங்கள். அடித்தளத் திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி இட்டு முடுக்குங்கள். ஸ்கோப்பை வளையத்தில் தளர்வாக வையுங்கள். பிறகு குளிர்காலச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி ரைபிளைத் தோளில் வைத்து, கன்னம் பதிந்ததும் கண்ணைத் திறங்கள். உச்ச மடங்கில் முழுவட்டமும் தெரிகிற வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். படுத்தும் உட்கார்ந்தும் இதைச் செய்து பாருங்கள். மெல்லிய பனியனோடு மாட்டினால், தடித்த சட்டையோடு மலையில் எல்லாம் மாறிவிடும்.

சுவரில் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ரைபிளை மட்டமாக வைத்து, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள். கோடு சாய்ந்திருந்தால் 100-இல் தெரியாது, 400-இல் குண்டு பக்கவாட்டில் போகும். கடைசியாக வளையத் திருகுகளைக் கோலம்போல் மாற்றி மாற்றிக் குறுக்காக முடுக்குங்கள். முறுக்குவிசை காட்டும் திருப்புளி அவசியம். பல வளையங்களுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு என்று இருக்கும், உங்கள் வளையத்தோடு வரும் காகிதத்தில் உள்ளதே கணக்கு. கைக்கணக்கில் முடுக்கிய எனது இரண்டாவது ஸ்கோப்பின் குழாயில் வளையத்தின் தடம் இன்னும் பதிந்திருக்கிறது.

10. நம்பும் முன் சோதியுங்கள்

முதலில் 25 மீட்டரில், பிறகு 100-இல், கடைசியாக 200-இல் குறியைச் சரிசெய்யுங்கள். மூன்று குண்டுகளின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருகுங்கள், ஒரு குண்டைப் பார்த்து அல்ல.

அப்புறம் திருகு சொன்னபடி நகர்கிறதா என்ற சோதனை. பலர் இதைச் செய்வதே இல்லை. ஒரு மீட்டர் உயரக் காகிதத்தில் தூக்குநூல் வைத்துச் செங்குத்துக் கோடு போடுங்கள். சரியாக அளந்த 100 மீட்டரில் அதை நிறுத்தி, கோட்டின் அடியில் ஒரு புள்ளி வைத்து மூன்று குண்டு சுடுங்கள். 50 கிளிக் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மீண்டும் மூன்று. இரண்டு கூட்டத்துக்கும் இடையே 50 செ.மீ. இருக்க வேண்டும். 48 என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், 44 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கூட்டம் கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. பிறகு 50 கிளிக்கும் இறக்கி மூன்று சுடுங்கள். முதல் கூட்டத்தின் மேலேயே விழ வேண்டும்.

சரளைப் பாதையில் மூன்று மணி நேரம் வண்டியில் குலுங்கிப் போன பிறகோ, ஹெலிகாப்டரில் இறங்கிய பிறகோ, முதல் வேலையாக ஒரு குண்டு சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

11. காற்று

இப்போது 400-இல் நிற்கச் சொன்னதற்கான கணக்கு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று, அதாவது மரக்கிளைகள் மெல்ல ஆடும் அளவு. மேலே சொன்ன அதே குண்டை அது 200 மீட்டரில் ஏறக்குறைய 7 செ.மீ. தள்ளும், 300-இல் 18 செ.மீ., 400-இல் 32 செ.மீ. வரையாட்டின் நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்குக் கொண்டுபோக 32 செ.மீ. தாராளமாகப் போதும். குண்டு கீழே விழுவதைத் தூரமானியும் திருகும் சரிசெய்துவிடும். காற்றை நீங்கள்தான் கணிக்க வேண்டும். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு வேகம், நடுவே பள்ளத்தாக்கில் ஒரு வேகம், எதிர்ச்சரிவில் இன்னொன்று. கேன்டர்பரியில் நார்வெஸ்டர் என்று சொல்லும் வடமேற்குக் காற்று முகட்டைத் தாண்டி விழும்போது புல் ஒரு திசையில் படுக்கும், பத்து நொடி கழித்து எதிர்த்திசையில் படுக்கும். எத்தனை ஆயிரம் டாலர் ஸ்கோப்பும் அதைக் காட்டித் தராது.

என் ஸ்கோப் இப்போது 3-15×44, மில் முறை, ஜீரோ ஸ்டாப் உள்ளது. முகப்பு மூடியின் உட்புறம் சின்ன அட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறேன். நீர்படாத பேனாவால் நான்கு வரி: 250 – 4, 300 – 9, 350 – 13, 400 – 18. அதற்குக் கீழே ஒரு தடித்த கோடு, அதன் அடியில் “கிட்டப் போ” என்று எழுதியிருக்கிறேன்.